தூளி கட்டிய படகு

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்தான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதை முதலில் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. படகுக்குப் பலகை வைப்பது மாதிரிதான், அடியிலிருந்து ஆரம்பித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போய்க்கொண்டே இரு என்கிறார் என் வீட்டுக்காரர். அவருக்கு எல்லாமே சுலபம். எனக்கு அப்படியில்லை, ஒரு பலகை விலகியிருந்தாலும் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடுமே என்று படுத்தும் எழுந்தும் யோசிக்கிறவள் நான். ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். படகு பனைமர உயரத்துக்குப் போனது என்கிறார்கள், அது பொய். நான் மேலேயிருந்து கையெடுத்துக் கும்பிட்டு அழுதேன் என்கிறார்கள், அதுவும் பொய், கும்பிட எனக்குக் கை ஒழியவில்லை. படகு ஒரு முழம்தான் ஏறியது. அந்த ஒரு முழத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பெயர் கன்னியம்மா. அவர் பெயர் ஏழுமலை, என் சொந்த அத்தை மகன், அதனால் இன்றைக்கும் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே கால்வாய் ஓடுகிற வெள்ளோடைக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்காத தெரு கிடையாது. ஒரு வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று காலி செய்யச் சொன்னார், இன்னொரு வீட்டம்மா மாடு கட்ட இடம் வேண்டும் என்றாள், கடைசி வீட்டில் காரணமே சொல்லாமல் எங்கள் பானை, குண்டான், தட்டு எல்லாவற்றையும் தெருவில் வரிசையாக எடுத்து வைத்துவிட்டுப் போனார்கள், அந்த வரிசை அவ்வளவு நேராக இருந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. குழந்தையும் இல்லாதவர்களுக்கு எதற்கு வீடு என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் காலி செய்யச் சொல்லும்போது எங்களைத்தான் முதலில் சொல்வார்கள்.

உடைந்த மதகுக்குப் பக்கத்தில் ஒரு பழைய உப்புப் படகு சேற்றில் முழுகிக் கிடந்தது. கால்வாயில் போவதற்கென்றே கட்டிய படகு, நீளமாய், ஒல்லியாய், ஒரு தெருவை மட்டும் வெட்டியெடுத்து மிதக்கவிட்டதுபோல் இருக்கும். உப்பை லாரி தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு அது யாருக்கும் வேண்டாமல் போனது. மாமா காலி டிரம்களைக் கொண்டுவந்து, கடல் வற்றியிருக்கும் நேரத்தில் அதன் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டிவைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்து பீடி குடித்தார். கடல் ஏறியது, கால்வாய் ஏறியது, டிரம் ஏறியது, படகும் உறிஞ்சுகிற சத்தத்தோடு சேற்றைவிட்டு எழுந்து வந்தது.

அதற்கு அப்புறம் அதை வீடாக்க வேண்டும். செத்த பலகைகளைப் பிடுங்கி வேப்பம்பலகை வைத்தோம். உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்திருந்த கட்டைகளுக்கு ஒவ்வொன்றாய் மீன் எண்ணெய் குடிக்கக் கொடுத்தோம். மூங்கிலை வளைத்துத் தகரம் போட்டுக் கூரை செய்தோம். பழைய பஸ்களை உடைக்கிற இடத்திலிருந்து ஷட்டர் வைத்த ஜன்னல்களை மாமா தலையில் சுமந்து வந்து இரண்டு பக்கமும் பொருத்தினார். சாமான் உருளாமலிருக்க அலமாரித் தட்டுகளுக்கெல்லாம் விளிம்பு அடித்தார், அடுப்பை மணல் பரப்பிய தகரப் பெட்டிக்குள் வைத்தார், உள்ளே எதிரெதிராக இரண்டு பேர் வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும், அதற்கும் மாமா, "நல்லதுதான், சண்ட போட்டாலும் தள்ளிப் போவ முடியாது" என்றார். நான் இட்லி சுட்டு அந்த பஸ் ஜன்னல் வழியாகக் கரையில் நிற்பவர்களுக்குக் கொடுப்பேன், அதுதான் எங்கள் பிழைப்பு. அதற்கு வேண்டிய ஆட்டுக்கல்லை மாமா படகின் நட்டநடுவே, அடிப்பலகைமேல் இறக்கி வைத்தார்.

"இது வெறும் மாவாட்டுற கல்லு இல்ல, கன்னிமா. இதான் இந்தப் படகுக்குத் தொப்புளு. அடியில கனம் இருந்தாத்தான் படகு நிக்கும்."

நான் கேட்டுக்கொண்டேன், ஆனால் என் மனசு கதவில் இருந்தது. எனக்கு ஒரு கதவு வேண்டும், அதற்கு உள்பக்கம் பித்தளைத் தாழ்ப்பாள் வேண்டும், என் கை போட்டால்தான் விழ வேண்டும், என் கை எடுத்தால்தான் திறக்க வேண்டும். மாமா அப்படியே செய்து கொடுத்தார். அன்றிலிருந்து அந்தத் தாழ்ப்பாளைத் தாண்டி ஊரில் ஒருவரையும் நான் உள்ளே விட்டதில்லை. இட்லி வேண்டுமா, ஜன்னலுக்கு வா.

வருஷத்துக்கு ஒரு தடவை பனந்துண்டு போட்டு உருட்டிப் படகைக் கரையேற்றி, பாசியைச் சுரண்டி, தென்னங்கீற்று கொளுத்தி அடிக்குத் தீ காட்டி எடுத்து, கலப்பத்து அடிப்போம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே எண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து உளியால் இறுக்கி, மேலே கீல் என்கிற தாரைக் காய்ச்சிப் பூசுவதற்குத்தான் கலப்பத்து என்று பெயர். அதை அடிக்கிறவர் தனக்கோடி. அவர் பின்பக்கம் ஒரே ஒரு இடத்தில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டுவிடுவார், அதற்குப் படகின் வாய் என்று பெயர். கால்வாய்ப் படகு தினம் ஒரு குடம் தண்ணீராவது குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை காய்ந்து பிளந்துவிடும், அடியும் லேசாகிவிடும் என்பார். வருஷா வருஷம் நான் அதை அடைக்கச் சொல்லிச் சண்டை போடுவேன், வருஷா வருஷம் அவர் அடைக்காமல் போவார், தினம் காலையில் நான் ஒரு குடம் தண்ணீர் இறைத்துக் கொட்டுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு சித்திரையில் கால்வாயைத் தூர்வார வந்தார்கள். வடக்கே ஒரு மண்கரை, தெற்கே ஒரு மண்கரை போட்டு அடைத்து, நடுவிலிருந்த தண்ணீரை டீசல் மோட்டார் வைத்து இறைத்தார்கள். படகு சேற்றில் உட்காரும், ஒரு பக்கமாகச் சாயும், பலகை முறியும், மறுபடியும் பானையெல்லாம் தெருவுக்கு வரும் என்று நான் சாமான்களைப் புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன். விடிந்து பார்த்தால் மோட்டார் நின்றிருந்தது. கால்வாயில் தண்ணீர் இல்லை. படகு இருந்த இடத்திலேயே இருந்தது.

மாமா பல் விளக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார். வாய் கொப்பளித்துத் துப்பினார். அது கொஞ்ச நேரம் கழித்துக் கீழே சேற்றில் விழுந்தது.

"தண்ணி போயிடுச்சி" என்றார்.

"நாம போவலயே மாமா!"

"நாம எதுக்குப் போவணும்? வாடகையா குடுக்குறோம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இட்லி கேட்டார்.

நான் படுத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தேன். படகுக்கு அடியில் ஆள் நடந்து போகிற உயரத்துக்குக் காற்றுதான் இருந்தது. ஆனாலும் காலையில் வாயின் பக்கம் வழக்கம்போல ஒரு குடம் தண்ணீர் ஊறியிருந்தது, தண்ணீரே இல்லாத கால்வாயிலிருந்து. அதையும் வழக்கம்போல இறைத்துக் கொட்டினேன், வேறு என்ன செய்வது.

முதலில் வந்தவன் பொக்லைன் ஓட்டுகிற பையன். "அண்ணே, கொஞ்சம் அந்தாண்ட தள்ளிக்கினா இந்தப் பக்கம் வாரிடுவேன்" என்றான். மாமா கழியைக் கீழே சேற்றில் ஊன்றித் தள்ள, படகு தண்ணீரில் போகிற அதே அசைவோடு, அதே சோம்பலோடு, அந்தாண்டை போனது. அவன் வாரி முடித்ததும் இந்தாண்டை வந்தது. "யக்கா, நாலு இட்லி பார்சல், காரச் சட்னி தனியா" என்று கீழேயிருந்து கையை நீட்டினான். எனக்குக் குனிந்து கொடுக்கிறது பழக்கமில்லாததால் சட்னி அவன் தலையில் கொஞ்சம் சிந்தியது.

பிறகு ஒரு அதிகாரி வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கீழே நடந்து பார்த்தார்.

"இது எப்பவுமே இப்பிடித்தானா?"

"இல்ல சார், மொதல்ல தண்ணி இருந்துச்சி" என்றார் மாமா.

அவர் மோர் வாங்கிக் குடித்தார், தூர்வாருகிற வேலைக்கு இடைஞ்சல் இல்லையே என்று ஓட்டுகிற பையனிடம் கேட்டார், இல்லை என்றதும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஊர் அதைப் பார்த்து வாயைப் பிளந்தது ஒரு காலை நேரம்தான். அன்று உச்சிவெயிலுக்குள்ளேயே எதிர்வீட்டுச் சம்பூர்ணம் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு படகின் நிழலுக்கு வந்துவிட்டாள். சம்பூர்ணத்துக்கு நல்ல சரீரம், அதைவிடப் பெரிய வாய். "யக்கா, உங்கூட்டு அடிப்பக்கம் பாத்தேன், எங்கூட்டு மேல்பக்கத்த விட சுத்தமா கீது" என்று கீழேயிருந்து கத்தினாள். எங்கள் குப்பத்தில் சித்திரை மாதத்து நிழல் என்றால் அது பொட்டுத் தங்கம் மாதிரி. இருந்த புங்கமரங்களையும் போன புயல் கொண்டுபோய்விட்டது. அதனால் சவரம் செய்கிற வடமலை தன் நாற்காலியைக் கொண்டுவந்து எங்கள் படுக்கைக்கு நேர்கீழே போட்டார். சீட்டாடுகிறவர்கள் அடுப்புக்குக் கீழே உட்கார்ந்தார்கள், மேலே சூடு தெரிகிறது என்று குறை சொன்னார்கள். காலை நிழல் யாருக்கு, சாயங்கால நிழல் யாருக்கு என்று சண்டை வந்து பஞ்சாயத்து கூடியது. மாரியம்மன் ஊர்வலம் வந்தபோது சாமியை இன்னொருத்தர் வீட்டுக்கு அடியில் தூக்கிப் போகலாமா என்று கேள்வி வந்தது, கரண்டுக் கம்பிக்கு அடியில் போகிற சாமி கன்னியம்மா வீட்டுக்கு அடியில் போனால் ஒன்றும் குறைந்துவிடாது என்று பூசாரி சொன்னதும் போனது, போகும்போது படகின் அடிப்பலகைக்குக் குங்குமமும் வைத்தார்கள். எங்கிருந்தோ மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றான். "இன்னாத்துக்குடா இப்பிடி நிக்கிற, படகே பாத்ததில்லியா நீ?" என்று சம்பூர்ணம் கேட்டாள். அவன் வெட்கப்பட்டுப் போய்விட்டான்.

அதே திருவிழாவில்தான் எனக்குப் பயம் பிடித்தது. வேடிக்கை பார்க்கிறேன் என்று இளவட்டப் பசங்கள் பத்துப் பதினைந்து பேர் கேட்காமல் கூரைமேல் ஏறிவிட்டார்கள். படகு அவர்களின் கனத்துக்கு இறங்கியது, தண்ணீரில் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு. கீழே வடமலையின் நாற்காலியில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தவரின் தலை அடிப்பலகையில் இடித்தது. எல்லோரும் சிரித்தார்கள், இடிபட்டவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கனம் ஏறினால் இறங்கும், இன்னும் ஏறினால் இன்னும் இறங்கும். அன்று சாயங்காலமே கரைக்குப் போட்டிருந்த நடைபலகையை உள்ளே இழுத்துப் போட்டுத் தாழ்ப்பாளையும் போட்டேன்.

தூளிகள் வந்தது அதற்கு அப்புறம். உப்பளத்தில் வேலை செய்கிற பெண்களுக்குக் கைக்குழந்தையை வைக்க இடம் கிடையாது. பாத்திகளுக்கு நடுவே குடையை நட்டு, அதன்கீழே துணியில் கிடத்திவிட்டு உப்பு வாருவார்கள், குடை நகராது, வெயில் நகரும். தமயந்திதான் முதலில் கேட்டாள். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன சின்னப் பெண், மூன்று மாதக் குழந்தை இடுப்பில். "அத்த, உங்க படகுக்கு அடியில ஒரு தூளி கட்டிக்கட்டுமா? காத்து வருது, நெழலு கீது" என்று ஜன்னலுக்குக் கீழே நின்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குழந்தை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. மாமா படகின் வயிற்றைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார், தூளி தொங்கியது. மறுநாள் இன்னொன்று, அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு, பிறகு படகின் நீளத்துக்கும் பச்சையும் ஊதாவும் கத்தரிப்பூ நிறமுமாகப் பழைய புடவைகள் கனிந்து தொங்குகிற காய்கள் மாதிரி தொங்கின. பொக்லைன் தோண்டித் தோண்டித் தரை ஆழமாகிவிட்டதால் கயிற்றை நீட்டிக்கொண்டே வந்தார்கள். நாய் எட்டக்கூடாது, தாய் கையைத் தூக்கினால் எட்ட வேண்டும், அதுதான் அளவு.

தமயந்தியின் பெண் என் படுக்கைக்கு நேர்கீழே தொங்கினாள். அவள் காலை உதைத்தால் தூளிக் கயிறு பலகையில் பட்டு இரண்டு தட்டு கேட்கும். நான் மேலே படுத்துக்கொண்டு விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டுவேன். அவள் மறுபடியும் தட்டுவாள். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மத்தியானம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்போம்.

ஆனால் தட்டுகிற கை நிற்கும்போதெல்லாம் யோசனை ஓடும். இந்தப் படகு எதன்மேல் நிற்கிறது? எதன்மேலும் இல்லை. என்றைக்காவது அதற்கே அது ஞாபகம் வந்தால்? எல்லாக் குழந்தைகளும் அடியில். கனம் குறைய வேண்டும், குறைந்தால்தான் விழாது என்று என் புத்திக்குப் பட்டது. மாமாவிடம் சொன்னேன்.

"கனத்த கொறைக்கக் கூடாது, கன்னிமா. காலிப் படகு நிக்காது."

"நிக்காதுன்னா? தண்ணியே இல்லாம நிக்குதே, அது மட்டும் நிக்கும், இது நிக்காதா?"

 என் பயத்துக்கு எதிரில் அவர் என்றைக்குமே ஜெயித்ததில்லை, பாவம். முதலில் டிரங்குப் பெட்டி போனது, பிறகு அரிசி மூட்டை, விறகு, அலமாரி, அந்த விளிம்பு வைத்த தட்டுகள், நான் ஆசை ஆசையாகச் சேர்த்து அடுக்கிய ஒவ்வொன்றும் இறங்கிக் கரையில் போய் உட்கார்ந்தது. அந்த வரிசையை நானே வைத்தேன், அதுவும் நேராகத்தான் இருந்தது. பிறகு தனக்கோடியைக் கூப்பிட்டேன். படகு அந்தரத்தில் நிற்க, ஏணியில் நின்ற வாக்கில் அண்ணாந்து கலப்பத்து அடிக்கிற வாய்ப்பு அவர் பரம்பரையில் யாருக்கும் கிடைத்ததில்லை, அந்தச் சந்தோஷத்தில் இருந்தார் மனுஷன். நான் அழுதேன். குழந்தைங்க கீழ இருக்குதுங்க அண்ணே, உள்ள தண்ணி ஊறினா கனம்தானே, அந்த வாயயும் அடச்சிடுங்க என்றேன். அவர் மாமாவைப் பார்த்தார், மாமா அவரைப் பார்த்தார். "பொம்பள அழுவுது" என்று சொல்லிவிட்டு அடைத்தார்.

மறுநாள் காலையில் முதல்முறையாக இறைக்கத் தண்ணீர் இல்லை. படகின் அடி எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது. மிச்சம் இருந்தது ஆட்டுக்கல் ஒன்றுதான்.

அதை இறக்கியது வேலைநாள் முற்பகல். மாமா கல்லைக் கயிற்றில் கட்டிக் கதவு வரைக்கும் இழுத்தார், அங்கிருந்து அவரும் தனக்கோடியும் நடைபலகை வழியாகக் கரைக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். தாய்மார்கள் உப்பளத்தில் இருந்தார்கள். நான் அவர்கள் பின்னாலேயே பலகையை இழுத்துப் போட்டுத் தாழ்ப்பாள் போட்டேன், பழக்கம். கல் கரையில் பட்ட சத்தம் கேட்டது. தலைச்சுமையை இறக்கி வைத்தவள் நிமிர்வதுபோல் படகு நிமிர்ந்தது. ஒரு முழம். வேறொன்றும் இல்லை, ஒரு முழம்.

அந்த நேரம் பார்த்துக் கடல்காற்று திரும்பியது. தினமும் திரும்புகிற காற்றுதான். தினமும் அதற்கு மெல்ல ஆடுகிற படகுதான். அன்று அடியில் கனம் இல்லாத படகு குளத்தில் போட்ட வெறும் குண்டானாட்டம் உருண்டது, இந்தப் பக்கம் ஜன்னலில் வானம் தெரிந்தது, அடுத்து அதே ஜன்னலில் சேறு தெரிந்தது. கீழே ஒரு குழந்தை அழுதது, பிறகு எல்லாம் அழுதன. இன்னும் ஒரு பெரிய காற்று வந்தால் படகு கவிழும், கவிழ்ந்தால் தூளிகள் என்ன ஆகும்?

தாய்மார்கள் உப்புக் கையோடு ஓடி வந்தார்கள். கீழே நின்று கையைத் தூக்கினார்கள். எட்டவில்லை. ஏணி கொண்டுவந்து சாய்த்தார்கள், உருளுகிற படகு அதைத் தட்டிவிட்டது. பொக்லைன் பையன் தோளில் தமயந்தி ஏறினாள், புதிதாய் வாரிய சேறு வழுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். "எம்பொண்ணு! அத்த! எம்பொண்ணு!" என்று அவள் கத்தினது எனக்குப் பலகை வழியாகக் கேட்டது.

நான் முதலில் செய்ததைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. படகின் நட்டநடுவே, ஆட்டுக்கல் இருந்த இடத்தில், குப்புறப் படுத்துக் கைகால்களை விரித்துக்கொண்டு, என்னால் முடிந்த அளவுக்குக் கனமாக இருந்தேன். இட்லி சுட்டுச் சுட்டு நானே தின்னாதவள், என் கனம் என்ன கனம்? படகு என்னைச் சட்டையே பண்ணவில்லை.

"கன்னிமா!" என்று கரையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "கனம் வேணும்! கல்ல ஏத்த நேரமில்ல, ஆளு ஏறணும்! கூரைமேல ஏறுனா கவுந்துடும், உள்ள, அடியில வந்து உக்காரணும்! கதவத் தொற!"

நான் இரண்டு தட்டு தட்டினேன். கீழே பதில் இல்லை, அழுகை மட்டும்தான் இருந்தது. எழுந்து, விழுந்து, தவழ்ந்து கதவுக்குப் போனேன். என் கை போட்டால்தான் விழும், என் கை எடுத்தால்தான் திறக்கும் என்று நான் கேட்டு வாங்கின தாழ்ப்பாள். அதை எடுத்தேன். பலகையைத் தள்ளினேன். எனக்கு வந்த சத்தம் என்னுடையது மாதிரியே இல்லை.

"ஏறுங்க! எல்லாரும் உள்ள வாங்க! ஐயோ, எங்கூட்டுக்கு வாங்க!"

முதலில் வந்தது சம்பூர்ணம். ஆடுகிற பலகைமேல் அவள் எப்படி நடந்தாளோ. உள்ளே வந்து, ஆட்டுக்கல் இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள், படகு அவளுக்கு மரியாதை கொடுத்து அரைச் சாண் இறங்கியது. "பொறந்ததுலேர்ந்து எல்லாரும் எம் பாரத்த கேலி பண்ணிக்கினு இருந்தாங்க, வருந்திக் கூப்ட்டது நீதான்கா மொத ஆளு" என்றாள் மூச்சு வாங்க. அவளுக்குப் பின்னால் வடமலை, கத்தியும் சோப்பு நுரையுமாக. அவருக்குப் பின்னால் சீட்டாடுகிறவர்கள். பூசாரி. தனக்கோடி. அந்தக் குறுகலான வழியில் ஒருவர் வயிற்றை ஒருவர் எக்க, ஒருவர் காலை ஒருவர் மிதிக்க, எல்லோரும் அடிப்பலகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். காலியான என் வீட்டை அண்ணாந்து பார்த்தார்கள், ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"ஏ, பஸ்ஸு ஜன்னலுடா!"

"அப்ப கண்டக்டரு எங்க?"

"உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க, பின்னாடி எடம் கீது பாரு!"

ஒருவர் உட்கார உட்காரப் படகு கொஞ்சம் கொஞ்சமாக உருளுவதை விட்டது. "இன்னும் நாலு பேரு!" என்று மாமா கீழே இறங்கித் தூளிகளைப் பார்த்துக்கொண்டே கத்தினார், நாலு பேர் ஏறினார்கள். "இன்னும் ரெண்டு!" பொக்லைன் பையன் சேறும் சகதியுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். படகு இறங்கியது, இறங்கி நின்றது. அப்போது உள்ளே ஒருவரும் மூச்சு கூட விடவில்லை, விட்டால் கனம் குறைந்துவிடும் என்பதுபோல. அடியிலிருந்து குரல்கள் வந்தன. எடுத்தாச்சு. எடுத்தாச்சு. என்னுத எடுத்தாச்சு. கடைசியில் என் படுக்கை இருந்த இடத்துக்கு நேர்கீழே, பலகையில் இரண்டு தட்டு கேட்டது. அது குழந்தையின் உதை இல்லை, பெரியவள் கை கயிற்றை ஆட்டியது. "அத்த, எடுத்துட்டேன்" என்றாள் தமயந்தி.

அதற்கு அப்புறமும் யாரும் எழுந்திருக்கவில்லை. "வந்தது வந்துட்டோம், காப்பி இல்லியா?" என்றாள் சம்பூர்ணம். அடுப்பே கரையில் இருந்தது. மாமா அதை மறுபடியும் உள்ளே தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆனி மாதத்தில் மண்கரைகளை வெட்டிவிட்டார்கள். தண்ணீர் கலங்கலாக, நுரையோடு, யாரையும் பார்க்காமல் வந்து, படகின் அடியில் நுழைந்து, பழைய தார்க்கோடு வரைக்கும் ஏறி நின்றது, வெளியூர் போயிருந்தவர் திரும்பி வந்து தன் பாயில் படுப்பதுபோல. படகு அசையக்கூட இல்லை. வடமலை மட்டும் நாற்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கரையில் வருத்தமாக நின்றார்.

இனி நான் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். தனக்கோடியைக் கூப்பிட்டுப் படகின் வாயைத் திறக்கச் சொன்னேன்; தினம் ஒரு குடம் இறைக்கிறேன், முணுமுணுக்காமல். எங்கள் ஆட்டுக்கல் பழைய இடத்துக்கு வந்தது. அதுவும் போதாது என்று எனக்குத் தோன்றியது, எனக்கு எதுதான் போதும்? வீடு வீடாகப் போய், மிக்சியும் கிரைண்டரும் வந்த பிறகு கொல்லையில் கிடக்கிற உங்கள் ஆட்டுக்கல்லைக் கொடுங்கள் என்று கேட்டேன். வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் அடிப்பலகைமேல் அவை உட்கார்ந்திருக்கின்றன, அவற்றுக்கு மேலே தளம் போட்டிருக்கிறோம், கூரை மூங்கிலில் தூளிகள் தொங்குகின்றன. கட்டிக் கொடுத்த பெண்ணை விசாரிக்கிற மாதிரி, "எங்க கல்லு நல்லா கீதா?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள், வந்தவர்கள் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறார்கள். தமயந்தியின் பெண் இப்போது தவழ்கிறாள். ஒவ்வொரு கல்லுக்கு மேலேயும் நின்று பலகையில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள்.

ஆனாலும் ஒரு பயம் மிச்சம் இருந்தது. மறுபடியும் ஒருநாள் தண்ணீர் போகலாம், மறுபடியும் காற்று திரும்பலாம், நான் கடைக்குப் போயிருக்கலாம், தூக்கத்தில் இருக்கலாம், ஊர் வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்கலாம். இதை நினைத்து நினைத்து இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு மாமாவிடம் திருப்புளியை வாங்கி, நானே உட்கார்ந்து, அந்தப் பித்தளைத் தாழ்ப்பாளைக் கதவிலிருந்து கழற்றினேன். தளத்தில் ஒரு பலகையைத் தூக்கி, சம்பூர்ணத்தின் கல்லுக்கும் எங்கள் கல்லுக்கும் நடுவே அதை வைத்து மூடினேன். அதுவும் கொஞ்சம் கனம்தானே.